சாமி கண்ணைக் குத்தாது: பக்தியுள்ள வீட்டில் பிள்ளைகளின் மனதைப் பேண ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையில் பிள்ளை வளர்ப்பைச் சாமியிடமிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். முதல் மொட்டையும் காதுகுத்தும் குலசாமி கோவிலில்தான். பங்குனி உத்திரம் வந்தால் சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிற குடும்பங்கள்கூட தங்கள் சாஸ்தா கோவிலைத் தேடி வந்துவிடும். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கம் ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்துதான் படுக்கை விரிப்பார்கள். மேலப்பாளையத்தில் பள்ளிக்கூடம் போக மீதி நேரத்தில் மதரஸா. அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடமான நிழல் தாங்கலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், அங்கே பாடுகிற உச்சிப்படிப்பைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

இப்படி ஊறிப்போன ஊரில், பக்தி பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. எந்த மாதிரி பக்தி, எந்த வழியாகப் பிள்ளையிடம் போய்ச் சேருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பயந்த பிள்ளை ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இடமாகச் சாமி இருந்தால் அந்த நம்பிக்கை அதைத் தாங்கும். அந்தச் சாமியின் கண்ணில் படாமல் தப்பிக்கவே பிள்ளை பாடுபட்டால், அதே நம்பிக்கை அதன் மனதை அரிக்கும். கீழே சொல்லியிருக்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வீட்டில் நடைமுறைப்படுத்தத்தான். இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய, அய்யாவழி வீடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படிதான் எழுதியிருக்கிறேன்.

முதலில், ஆய்வுகள் சொல்வது

பக்தி பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் என்று நம் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிங் சென், டைலர் வாண்டர்வீல் இருவரும் 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 5,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளரும் பருவத்திலிருந்து இளமைப் பருவம் வரை தொடர்ந்து கவனித்த தகவல்கள் அதற்கு அடிப்படை. சிறுவயதில் வாரம் ஒரு முறையாவது வழிபாட்டுக்குப் போனவர்கள், போகாதவர்களைவிடப் பிற்காலத்தில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல். போதைப்பொருள் பக்கம் போகும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவு. பொதுத் தொண்டில் இறங்கும் வாய்ப்பு 29 சதவீதம் கூடுதல். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர், வசதியானவர்கள். அதனால் இந்த எண்களை அப்படியே தூக்கிவந்து நம் ஊர்ப் பிள்ளைகள் மேல் வைக்க முடியாது. போகிற திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஜான் பார்ட்கோவ்ஸ்கி என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு. 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளின் நடத்தையைப் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுத் தொகுத்த தகவல்களை அவர்கள் அலசினார்கள். அப்பா அம்மா இருவரும் வழிபாட்டுக்குப் போய், வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் இருந்தால் பிள்ளைகளின் அடக்கமும் பழகும் திறனும் நன்றாக இருந்தன. அதே மதத்தைப் பற்றி வீட்டில் அடிக்கடி சண்டை நடந்தால் பிள்ளைகளின் நடத்தை கெட்டது. இதே குழுவினர் 2019இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தபோது, பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பழகுவதில் முன்னால் நின்றாலும் கணக்கு, வாசிப்பு, அறிவியல் மதிப்பெண்களில் கொஞ்சம் பின்தங்கியிருந்ததையும் மறைக்காமல் எழுதினார்கள்.

2015இல் வந்த ஓர் ஆய்வு, பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சுயநலக்காரர்கள் என்று சொல்லி உலகம் முழுக்கச் சுற்றியது. நாடுகளைக் கணக்கில் சேர்த்த விதத்தில் தவறு இருந்ததால் 2019இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதற வேண்டாம்.

படி 1: சாமி பெயரைச் சொல்லி என்ன பேசுகிறோம் என்று ஒரு வாரம் கவனியுங்கள்

எதையும் மாற்றாமல் வெறுமனே கவனியுங்கள். "சாமி கண்ணைக் குத்திரும்." "மாடன் புடிச்சிட்டுப் போயிருவான்." "ஏசப்பா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்காரு." "நரகத்துல எண்ணெய்ச் சட்டில போட்டு வறுப்பாங்க." சோறு ஊட்டுகிற ஆச்சி தொடங்கி அவசரத்தில் இருக்கிற அப்பா வரை எல்லார் வாயிலும் இவை சாதாரணமாக வரும். வாரக் கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிரட்ட எத்தனை முறை சாமியைக் கூப்பிட்டோம், ஆறுதல் சொல்ல எத்தனை முறை, நன்றி சொல்ல எத்தனை முறை? முதல் வரிசை நீளமாக இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாமி ஒரு போலீஸ்காரராகத்தான் அறிமுகமாகியிருக்கிறார்.

பெரியவர்களுக்கு இது வெறும் பேச்சு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தகவல். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதைப் பற்றி 1932லேயே எழுதினார். தப்பு செய்த பையன் மரப்பாலத்தில் நடக்கும்போது பாலம் உடைந்தால், தப்பு செய்ததால்தான் உடைந்தது என்று சின்னப் பிள்ளைகள் சொன்னார்கள். உலகமே தண்டனை கொடுக்கும் என்று அந்த வயது நம்பும். அப்படிப்பட்ட மனதில் "சாமி கண்ணைக் குத்தும்" என்று போட்டுவிட்டு, மறுவாரம் பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ வந்தால் அது என்ன நினைத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். வாய்விட்டுக் கேட்கவும் கேட்காது. ராத்திரி விளக்கை அணைக்க விடாது, தனியாகக் கழிப்பறைக்குப் போகாது, படுக்கையை நனைக்கும். நாம் காரணம் தெரியாமல் மந்திரிக்கக் கூட்டிப்போவோம்.

சரி, மிரட்டலுக்குப் பதில் என்ன சொல்வது? உண்மையான விளைவைச் சொல்லுங்கள். "தம்பியை அடிச்சா அவனுக்கு வலிக்கும், உன்கூட விளையாட வரமாட்டான்." "பொய் சொன்னா அடுத்த தடவை நீ நெசம் சொன்னாலும் எனக்கு நம்ப முடியாம போயிரும்." அப்புறம், விருப்பம் இருந்தால் சாமியைச் சரிசெய்கிற பக்கத்தில் சேருங்கள்: "தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கக் கூச்சமா இருந்தா, முதல்ல சாமிகிட்ட சொல்லிப் பாரு. தைரியம் வரும்."

தாத்தா ஆச்சியிடம் இதைச் சொல்வது தனிக் கலை. "நீங்க பயமுறுத்துறீங்க" என்று ஆரம்பித்தால் வீடு இரண்டாகும். "அத்தை, ராத்திரி பயந்து பயந்து முழிக்கான். கொஞ்ச நாளைக்குச் சாமி காப்பாத்துற கதையா மட்டும் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பேரனுக்காக ஆச்சிகள் எதையும் மாற்றிக்கொள்வார்கள்.

படி 2: சின்னதாக, தினமும், ஒரே நேரத்தில்

விளக்கேற்றும் நேரமோ மஃரிப் தொழுகைக்குப் பிறகோ படுக்கும் முன்னரோ, எது உங்கள் வீட்டு வழக்கமோ அதில் பத்து நிமிஷம் போதும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த வீட்டில் பிள்ளையின் பதற்றம் குறையும். பிள்ளைக்கு அதில் ஒரு வேலை இருக்கட்டும். திரி போடுவது, பாய் விரிப்பது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, வசனம் வாசிப்பது, எதுவானாலும் சரி.

என்ன வேண்டுவது என்பதற்கு மூன்று கேள்வி போதும். இன்றைக்கு எதற்கு நன்றி? எதை நினைத்துப் பயமாக இருக்கிறது? யாருக்காக வேண்டிக்கொள்ளலாம்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். பள்ளிப் பேருந்தில் அடிக்கிற பையனைப் பற்றியோ கணக்கு வாத்தியாரைப் பற்றியோ நேராகக் கேட்டால் சொல்லாத பிள்ளை, வேண்டுதலில் சொல்லிவிடும்.

குடும்ப ஜெபத்தைத் திட்டுவதற்குப் பயன்படுத்தவே கூடாது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை இன்னைக்குப் பொய் சொன்னான், படிக்காம ஊர் சுத்தினான், அவன் மனசை மாத்தும்" என்று எல்லார் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது பெற்றவர்களுக்கு அது பாசமாகத் தெரிகிறது. பிள்ளைக்கு அது பதில் பேச முடியாத விசாரணை. பூஜை அறையில் தோப்புக்கரணம் போட வைத்துத் தண்டிப்பதும் இதே கதைதான். தண்டிக்கப்பட்ட இடத்துக்கு ஆறுதல் தேடி யாரும் போகமாட்டார்கள்.

வீட்டுக்கு வெளியேயும் பிள்ளைக்கு ஒரு பொறுப்பு இருந்தால் நல்லது. சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் பந்தியில் தண்ணீர் ஊற்றுவது, ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்க வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, மார்கழி பஜனையில் சுண்டல் பங்கு வைப்பது, முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிப்பது. அப்பா அம்மாவைத் தவிர, தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிற பத்துப் பெரியவர்கள் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. பக்தியால் பிள்ளைகளுக்கு வரும் நன்மையில் பெரும்பங்கு இந்தச் சேர்மானத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

படி 3: கொடைக்கும் பெரிய விழாக்களுக்கும் பிள்ளையைத் தயார் செய்யுங்கள்

கொடை, அதாவது நம் ஊர்ச் சாமி கோவில் திருவிழா என்றால் பெரியவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்தின் மகுடம், சாமத்தில் நடக்கும் சாமக்கொடை, நடுராத்திரியில் சுடலைமாடன் சாமி வேட்டைக்குப் போவது எல்லாம் நமக்குப் பழக்கம். நாலு வயதுப் பிள்ளையின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். நேற்று தோளில் தூக்கி வைத்து மிட்டாய் வாங்கிக் கொடுத்த பெரியப்பா இன்றைக்குச் சாமிகொண்டாடியாகக் கண்ணை உருட்டிக்கொண்டு தீப்பந்தத்தோடு ஓடி வருகிறார். பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று, திரும்ப அவராக வருவாரா? பிள்ளையின் பயம் அதுதான். சாமியைக் கண்ட பயம் அதில் கொஞ்சம்தான்.

அதனால் கால் நாட்டிய அன்றைக்கே பேச ஆரம்பியுங்கள். "வெள்ளிக்கிழமை பெரியப்பாவுக்குச் சாமி வரும். சத்தமாப் பேசுவாரு, ஆடுவாரு. முடிஞ்சதும் தண்ணி குடிச்சிட்டு, பழையபடி நம்ம பெரியப்பாவா வந்துருவாரு." கொடை முடிந்து அவர் சாதாரணமாக உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் உட்கார வையுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்குப் பிள்ளையோடு ஒட்டி நிற்க ஒரு ஆளை நியமியுங்கள். சாமி வர வாய்ப்புள்ளவர், பூஜைச் சாமான் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். பிள்ளை "போலாம்" என்று சொன்னால் உடனே கூட்டிக்கொண்டு போகிற சித்தியோ மாமாவோ போதும். மேளத்துக்கு நேராக நிற்க வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழே சாமக்கொடை வரை விழித்திருக்க வைக்கத் தேவையில்லை. தூக்கம் கெட்ட பிள்ளைகள் அடுத்த இரண்டு நாள் அழுது அடம்பிடிப்பதைப் பார்த்து "சாமி கோவிச்சுக்கிட்டு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தூங்க விடுங்கள், சரியாகிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் சத்தத்தைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கும், கூட்டம் சேருவதற்கு முன் காலையிலேயே ஒரு தரிசனம் போதும். முழு இரவு ஜெபத்துக்கும் இதே கணக்குதான்.

நேர்ந்துவிட்ட கிடாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அகத்திக்கீரை ஒடித்துப் போட்டு, கழுத்தில் மணி கட்டி, பெயரும் வைத்துப் பிள்ளை அதை வளர்த்திருக்கும். கொடை அன்று அந்தக் கிடா பிள்ளையின் கண்முன்னே வெட்டப்படும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். கிடாயை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே இது சுடலைக்கு நேர்ந்தது என்று சொல்லிவிடுங்கள். "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று பொய் சொல்ல வேண்டாம், அது எப்படியும் வெளியே வரும். வெட்டும்போது பக்கத்தில் நிறுத்த வேண்டாம். அழுதால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று கேட்க வேண்டாம். படப்புச் சோற்றைச் சாப்பிட மறுத்தால் சாமிக் குற்றம் என்று சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை அழுவது அதன் மனம் நல்லபடியாக இருப்பதற்கு அடையாளம்.

குலசை தசராவுக்கும் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கும் போகும்போது, பிள்ளையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். தொலைந்துபோனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

படி 4: பிள்ளையின் உடம்பை வைத்து நேரும்போது

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்காகத் தாய் நேர்வதில் இருக்கிற தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நேர்ந்தவர் ஒருவர், அதைச் செய்து முடிக்க வேண்டியவர் இன்னொருவர் என்று ஆகும்போது கவனம் வேண்டும். மொட்டை, காதுகுத்து சரி. அலகு குத்துவது, தீச்சட்டி எடுப்பது, பல நாள் விரதமிருந்து வேஷம் போடுவது எல்லாம் பிள்ளை வளர்ந்து தானாக விரும்பிக் கேட்டால் பேச வேண்டியவை. ஏற்கெனவே நேர்ந்துவிட்டீர்கள், பிள்ளைக்கு இஷ்டமில்லை என்றால், பிள்ளைக்குப் பதில் நீங்கள் அதைச் செய்ய முடியுமா என்று கோவில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இஸ்லாத்தில் பருவம் எய்தும் வரை நோன்பு கடமையில்லை. அரை நாள் நோன்பு வைத்துப் பழகும் பிள்ளைக்குத் தலைசுற்றினால் அதோடு விட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரீட்சை நேர்ச்சைக்கும் இது பொருந்தும். "நீ ஒழுங்கா ஜெபிக்கல, அதான் மார்க் போச்சு" என்ற வாக்கியம் பிள்ளையிடமிருந்து மார்க்கையும் பறித்து, அழுவதற்கு இருந்த இடத்தையும் பறிக்கிறது.

படி 5: சாவும் வெள்ளமும் வரும்போது

"தாத்தாவைச் சாமி கூட்டிட்டுப் போயிட்டாரு" என்று கேட்ட பிள்ளை, சாமி அடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார் என்று பயப்படும். "தூங்கிட்டாங்க", "நித்திரையானாங்க" என்று மட்டும் சொன்னால் தூங்கவே பயப்படும். முதலில் உடம்பைப் பற்றிய உண்மையைச் சொல்லுங்கள்: "தாத்தா உடம்பு வேலை செய்யுறது நின்னுபோச்சு. இனி மூச்சு விட மாட்டாரு, பசிக்காது, வலிக்காது. திரும்ப வர மாட்டாரு." அதற்குப் பிறகு உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள். பரலோகம், சுவர்க்கம், கைலாசம் என்று எதுவாக இருந்தாலும், இந்த வரிசையில் வந்தால் அது பிள்ளைக்கு ஆறுதல்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பிள்ளைகள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தது. அப்போது ஐந்தாறு வயதாக இருந்த பிள்ளைகள் சிலர் இன்றைக்கும் மேகம் கறுத்தால் வாசலில் வந்து நிற்கிறார்கள். "பாவம் பெருகிப்போச்சு, அதான் கடவுள் தண்டிச்சாரு" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைப் பிள்ளை கேட்டால், அது தன் பாவத்தைத்தான் எண்ணிப் பார்க்கும். மழை ஏன் அப்படிப் பெய்தது, அணையிலிருந்து தண்ணீர் ஏன் திறந்தார்கள், அடுத்த முறை எந்த மேட்டுக்குப் போவோம் என்று சொல்லுங்கள். கோவிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அன்றைக்கு ஜனங்களைத் தங்க வைத்துச் சோறு போட்டதையும் சொல்லுங்கள். சாமி எந்தப் பக்கம் நின்றார் என்று பிள்ளையே புரிந்துகொள்ளும்.

படி 6: ஒரு வீட்டில் இரண்டு நம்பிக்கை இருந்தால்

இந்தப் பக்கத்தில் இது புதிதில்லை. ஒரே குடும்பத்தில் பெரியப்பா வீடு வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்), சித்தப்பா வீட்டில் முத்தாரம்மனுக்குக் கொடை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாகத்தான் கூடுவோம். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு எல்லா மதத்தாரும் போகிறோம். ஆகவே இரண்டு நம்பிக்கை இருப்பதால் மட்டும் பிள்ளை கெடுவதில்லை. கெடுப்பது சண்டை. அப்பா கொடைக்கு வரி கொடுத்ததற்காக அம்மா மூன்று நாள் பேசாமல் இருப்பது, அம்மா சபைக்குப் போனதற்காக அப்பா பைபிளைத் தூக்கி வீசுவது, இதற்கு நடுவில் பிள்ளையின் நெற்றியில் ஒருவர் திருநீறு பூசுவதும் இன்னொருவர் அழிப்பதும்.

அந்தப் பிள்ளைக்குச் சாமி யார் என்பது பிரச்சினையில்லை. யாரைச் சந்தோஷப்படுத்தினால் யாரை இழப்போம் என்பதுதான் அதன் பிரச்சினை. அது அப்பா முன்னால் ஒரு மாதிரி, அம்மா முன்னால் ஒரு மாதிரி நடிக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு பள்ளியிலும் பொய் சொல்கிறான் என்று புகார் வரும்.

நீங்கள் இருவரும் பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து இவற்றைப் பேசி முடியுங்கள்:

பிரசாதம், படையல் சோறு, குர்பானி இறைச்சி ஆகியவற்றை யார் வீட்டில் என்ன செய்வது? இதில் பிள்ளையை அந்தந்த இடத்தில் முடிவெடுக்க விடாதீர்கள். "எங்க வீட்டுல இது சாப்பிடுறதில்ல ஆச்சி, பழம் குடுங்க" என்று மரியாதையாகச் சொல்லும் வாக்கியத்தைப் பெரியவர்களே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் கொடை நாளும் யாரோடு? பள்ளி விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? காதுகுத்தா, ஞானஸ்நானமா, இரண்டும் இல்லையா?

அப்புறம் மிக முக்கியமானது: மற்றவரின் சாமியைப் பற்றிப் பிள்ளை முன் "பேய்" என்றோ "அந்நியச் சாமி" என்றோ சொல்லக் கூடாது. அந்தச் சாமியைக் கும்பிடுகிற ஒருவர் பிள்ளைக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கிறார். "அப்பா நரகத்துக்குத்தான் போவாரா?" என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரே பதில்தான் உண்டு: "அதை நாம யாரும் தீர்மானிக்க முடியாது. அப்பாவை எனக்குப் பிடிக்கும், உனக்கும் பிடிக்கும்." தூது அனுப்புவதும் வேண்டாம். "அப்பாகிட்ட போய் ஜெபத்துக்கு வரச் சொல்லு" என்பது அன்பான வேண்டுகோள்போல இருந்தாலும், அப்பா மறுத்தால் தோற்றது பிள்ளைதான் என்று ஆகிவிடும்.

படி 7: கையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பாருங்கள்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் இவற்றோடு பள்ளிக்கு வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதைக் கேட்டு நம்பிக்கையில் கை வைக்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். நான் பெற்றோரிடம் கேட்க நினைப்பது வேறு.

கொடைக்குக் கட்டிய காப்பைக் கொடை முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம். வருஷம் முழுக்கக் கையில் கிடக்கும் குறிப்பிட்ட நிறக் கயிற்றை யார் கொடுத்தார்கள்? அதே நிறம் கட்டியவர்களோடு மட்டும்தான் உங்கள் பையன் உட்காருகிறானா? பதின்மூன்று, பதினான்கு வயதில் எங்காவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று இருக்கத் துடிப்பது இயல்பு. அந்தத் துடிப்பைச் சாமியின் பெயரால் சாதி வாங்கிக்கொள்கிறது. திட்டாமல், ஒரு சாயங்காலம் அவனோடு நடந்துபோய்ப் பேசுங்கள். கொடையில் வரி பிரிக்கவும் பந்தி போடவும் பொறுப்புக் கொடுங்கள். அதே மூச்சில், மற்ற தெருப் பிள்ளைகளோடு விளையாடுவதை வீட்டில் யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பெரியவர்கள் மாறாமல் பையனை மட்டும் மாற்ற முடியாது.

படி 8: "சாமியே இல்ல" என்று சொல்லும் வயது

இதற்குப் பெரிய மருந்து வேண்டாம். கேள்வி கேட்கிற பிள்ளை இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். கோவிலுக்கு வர வேண்டாம், குடும்பமாக ஊருக்குப் போகும்போது மட்டும் கூட வா என்று ஒரு சமாதானத்துக்கு வரலாம். அடித்து இழுத்துப் போனால் கூட வருவது உடம்பு மட்டும்தான்.

பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் பூஜை அறைக்குள் வராதே என்று சொல்லும் வீடுகளில், அதை வைத்து "தீட்டு, தொடாதே" என்று அவளை ஒதுக்கி உட்கார வைத்தால், சாமிக்கே தன்னைப் பிடிக்காது என்று அவள் எடுத்துக்கொள்வாள். அந்த வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. விட முடியாதவர்கள் குறைந்தபட்சம் அவள் உடம்பில் அழுக்கு எதுவும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 9: தனியாக விட வேண்டாம்

பூசாரி, போதகர், ஹஸ்ரத், குறி சொல்பவர், யாராக இருந்தாலும் பூட்டிய அறைக்குள் பிள்ளையோடு தனியாக ஜெபிக்கவோ மந்திரிக்கவோ விடாதீர்கள். நல்லவர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "அவரு சாமி மனுஷன்" என்று வாயடைக்காதீர்கள். 1098க்குக் கூப்பிடலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் கொடுப்பது கடமை.

படி 10: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் திருநீறு, தாயத்து, ஜெபம் எதுவானாலும் அதோடு கூடவே மருத்துவரையும் பாருங்கள்.

ஒரே ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வது, மனதில் சாமியைப் பற்றி அசிங்கமான நினைப்பு வருகிறது என்று அழுவது, சுத்தமாகவில்லை என்று கை தோல் உரியும் வரை கழுவுவது. இதைப் பார்த்து "எவ்வளவு பக்தி" என்று மெச்சிக்கொள்பவர்கள் உண்டு. இது ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். நல்ல சிகிச்சை இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து கிடப்பது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, செத்துப்போய்ச் சாமிகிட்ட போறேன் என்று பேசுவது. கடைசியில் சொன்னதைக் கேட்டால் அன்றைக்கே போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

பிள்ளைக்கு அடிக்கடி "சாமி வருவது". கொடையில் மேளத்துக்கு ஒரு பெண்பிள்ளை அருள் வந்து ஆடி, பிறகு தெளிந்துவிட்டால் அலட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டில், பள்ளியில், பரீட்சைக்கு முன், சண்டைக்குப் பின் என்று வந்தால், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ ஒன்றை அந்தப் பிள்ளை சுமக்கிறது. கண் ஒரு பக்கம் செருகி, கைகால் வெட்டி, நாக்கைக் கடித்து, சிறுநீர் போய்விட்டால் அது வலிப்பாக இருக்கலாம். எதுவானாலும் "நீ யாரு, எங்கேருந்து வந்த" என்று அடித்துக் கேட்பதும், பட்டினி போடுவதும், கட்டி வைப்பதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் அரசு மனநல மருத்துவர்களைக் கொண்டுவந்து, மருந்தும் துவா என்ற பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கும்படி செய்தார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

எங்கே போவது? பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104லும் பேசலாம். "கோட்டி ஆஸ்பத்திரி" என்று ஊரார் சொல்வதற்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள், முதலில் குழந்தை மருத்துவரைப் பார்த்து அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போகலாம்.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, எங்கெல்லாம் மந்திரித்தோம், என்ன மருந்து உள்ளே போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை விரதமோ நோன்போ இருந்தால் அதையும் சொல்லி, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றலாம் என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரையையும் மனநல மாத்திரையையும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். குணமானதும் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக நேர்ந்திருந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும் நாளில் போங்கள். அன்றைக்கு உண்டான மாத்திரைகளைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.